ஊன்றுகோலுக்கும் ஓர் அளவுண்டு





ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் நம் தோல் தொழில் பூமியில் அளவின் அருமையை எவரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் உறவுகளில் ஒருவரேனும் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ உழைத்தவராக இருப்பார். ஆங்கிலேய அளவு முறையில் ஒரு ஷூவின் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அரை எண் என்றால் ஆறில் ஒரு பங்கு. அந்தச் சிறு வேறுபாட்டைக் காக்கவே வெட்டுவோரும் தைப்போரும் லாஸ்டில் ஏற்றுவோரும் நாள் முழுதும் கண்ணும் கருத்துமாய் உழைக்கின்றனர். அளவு பிசகினால் கால் நோகும், கடித்த இடம் புண்ணாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே வீடுகளில் முதியவர் ஒருவருக்குக் கைத்தடி தேவைப்படும்போது என்ன நடக்கிறது? மெடிக்கல் ஷாப்பின் மூலையில் நிற்கும் ஒன்றையோ, பரணில் கிடக்கும் முன்னோரின் கோலையோ எடுத்துக் கையில் கொடுத்து விடுகிறார்கள். நீளம் எவ்வளவு, பிடி எப்படி, எந்தக் கையில் பிடிப்பது, அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று கேட்பார் இல்லை. காலில் அணியும் செருப்புக்குப் பார்க்கும் அளவை, உடலின் பாரத்தையே சாய்க்கப்போகும் கோலுக்குப் பார்ப்பதில்லை. இதைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேச விரும்புகிறோம்.

காவேரிப்பாக்கத்தில் வாழும் எங்கள் குடும்பத்தில் இரு மகன்களும் ஒரு மகளுமாக நாங்கள் மூவர். எங்கள் அத்தா முப்பதாண்டுகளுக்கும் மேலாக இராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறிச் சென்று, ஷூ கம்பெனியொன்றின் கட்டிங் பிரிவில் உழைத்தவர். ஓய்வுக்குப் பின் அவருடைய நாள் இரண்டு நடைகளால் ஆனது. ஒன்று ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும் நடை. மற்றொன்று சுப்ஹுக்குப் பின் ஏரிக்கரையில் உலாவும் நடை. பல்லவர் காலத்திலிருந்து பாலாற்று நீரைத் தாங்கி நிற்கும் அந்த ஏரியின் கரையில் காற்று வாங்கி வந்தால்தான் காலை உணவு இறங்கும் என்பார்.

எழுபதைக் கடந்தபின் வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் கண்டது. யாரையும் கேளாமல், எங்கள் நன்னா வைத்திருந்த பழைய மரக்கோலை அவரே எடுத்துக்கொண்டார். நன்னா 6 அடிக்கும் மேற்பட்ட உயரம். அத்தாவோ 5 அடி 5 அங்குலம். கோலின் நீளம் 37 அங்குலம். அதை ஊன்றி நடக்கையில் அவருடைய வலது தோள் காதருகே ஏறி நின்றது. முழங்கால் வலியோடு கழுத்து வலியும் சேர்ந்தது. ஆனாலும், “இது எங்க அத்தா புடிச்ச கம்பு” என்று சொல்லி அதை விட மறுத்தார்.

ஒரு மழைநாளின் மஃரிபுக்கு முன், உளூச் செய்யும் இடத்தின் ஈரத்தரையில் அந்தக் கோல் வழுக்கியது. அருகில் இருந்த இளைஞர் ஒருவர் தாங்கிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு ஏதும் முறியவில்லை. ஆனால் அன்றிரவு அத்தா சொன்ன சொல் எங்களைக் கலங்க வைத்தது: “இனிமே ஊட்லயே தொழுதுக்கிறேன்.”

ஒரு கோல் வழுக்கியதில் ஒரு மனிதருக்கும் அவருடைய பள்ளிவாசலுக்கும் இடையே கதவு ஒன்று சாத்தப்பட இருந்தது. முதுமையில் விழுந்தவர்களைக் காட்டிலும், விழுவோமோ என்ற அச்சத்தில் வீட்டோடு அடங்கிப் போனவர்கள் நம் தெருக்களில் அதிகம். அச்சமும் காரணமற்றது அன்று. உலகெங்கும் விபத்துக் காயங்களால் நேரும் இறப்புகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுதல். ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இவ்வாறு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் முதியவர்கள்.

இவ்விடத்தில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழியை நினைவுகூர்வோம். மனிதனைப் பலவீனத்திலிருந்து படைத்து, பின் வலிமை தந்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் அல்லாஹ்வே என்று சூரா அர்ரூமின் 54ஆம் வசனம் உரைக்கிறது. ஆகவே முதுமையின் தளர்ச்சி இறைவன் வகுத்த பருவங்களில் ஒன்று. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நோய்க்கு மருந்து தேடலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, தேடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததும், நிவாரணம் இல்லாத நோயென்று முதுமை ஒன்றையே விதிவிலக்காகச் சொன்னதும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளன. முதுமையை நீக்க மருந்தில்லை. ஆனால் முதுமையைத் தாங்கி நடக்கத் துணை உண்டு.

அந்தத் துணைக்குக் குர்ஆனிலேயே ஓர் இடம் இருக்கிறது. தூவா பள்ளத்தாக்கில், உமது வலக்கரத்தில் இருப்பது என்ன என்று இறைவன் வினவியபோது, நபி மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடியின் பயன்களை எடுத்துரைத்தார்கள். ஆடுகளுக்கு இலை பறித்துப் போடுவதற்கும் முன்பாக அவர்கள் சொன்ன முதற்பயன், அதன்மீது தாம் சாய்ந்துகொள்வதுதான். கடலைப் பிளந்த கோல் என்று நாம் போற்றும் அஸா, அதன் உரியவருக்கு முதலில் ஊன்றுகோலாகவே இருந்தது.

எங்கள் ஜமாஅத்தின் ஹஜ்ரத் அத்தாவைக் காண வந்தபோது இன்னொரு செய்தியையும் சொன்னார். நபி (ஸல்) அவர்களுக்கு வயது கூடி உடலும் கனத்தபோது, தாம் தொழும் இடத்தில் சாய்ந்துகொள்ள ஒரு தூணை அமைத்துக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. வாபிஸா (ரலி) அவர்கள் தொழுகையில் கோலொன்றில் சாய்ந்து நிற்பதைக் கண்ட தாபியீன்கள், அதுபற்றிக் கேட்டபோதுதான் இச்செய்தி வெளிப்பட்டது. “அவங்களே சாஞ்சுக்கிட்டாங்கன்னா, நமக்கு என்ன பாய் வெட்கம்?” என்று ஹஜ்ரத் கேட்டார். அத்தா பதில் சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் அளவுக்கு நிற்க இசைந்தார். அந்த இசைவில் எங்கள் அம்மாவுக்கும் பங்குண்டு: “ஊருக்கெல்லாம் கால் அளவுக்கு வெட்டினீங்க. உங்க கைக்கு அளவு பாக்க என்ன?”

இனி, அளவெடுக்கும் முறையைச் சொல்கிறோம். வாலாஜாவில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எங்களுக்குக் காட்டியது இது. இதற்கு ஓர் அளவு நாடாவும் இரண்டு பேரும் போதும்.

முதியவர் வழக்கமாக வெளியே அணியும் செருப்பையோ ஷூவையோ அணிந்து, சமதரையில் நிமிர்ந்து நிற்கட்டும். நிற்க முடியாதவரை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். கைகள் இரண்டும் இறுக்கமின்றித் தொங்கட்டும். மற்றொருவர் தரையிலிருந்து மணிக்கட்டின் மடிப்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவே கோலின் நீளம். அதாவது பிடியின் மேற்பகுதி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் அமைய வேண்டும். பிறகு கோலைக் கையில் கொடுத்து, நுனியைப் பாதத்திற்குப் பக்கவாட்டில் அரை அடி தள்ளி ஊன்றச் செய்து பாருங்கள். முழங்கை சற்றே மடிந்து, ஏறத்தாழ 15 முதல் 30 பாகை வரை வளைந்திருந்தால் அளவு சரி. இந்தச் சிறு மடிப்பு இருந்தால்தான், அடியெடுத்து வைக்கும்போது கையை நீட்டிக் கோலை அழுத்த இயலும்.

கோல் நீளமாக இருந்தால் தோள் மேலேறும். முழங்கை மிகையாக மடியும். அழுத்தம் கோலுக்குள் இறங்காது. குட்டையாக இருந்தால் உடல் ஒரு பக்கம் சாயும், முதுகு வளையும், இடுப்பு வலிக்கும். உயரத்தில் பாதி என்று ஒரு தோராயக் கணக்கைக் கடைகளில் சொல்வதுண்டு. கை நீளமும் முதுகின் வளைவும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், அதைத் தொடக்கக் கணக்காக மட்டும் கொள்ளலாம். முதுகு வளைந்தவரை வலிந்து நிமிர்த்தி அளக்கக் கூடாது. அவர் எவ்வாறு நிற்கிறாரோ, நடக்கிறாரோ, அந்த நிலையிலேயே அளக்க வேண்டும்.

அத்தாவுக்குச் செருப்புடன் அளந்தபோது 33 அங்குலம் வந்தது. நன்னாவின் கோல் அதைவிட 4 அங்குலம் கூடுதல். ஷூவில் மூன்றில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலே மொத்த ஜோடியையும் தள்ளிவைக்கும் தொழிலில் இருந்தவருக்கு, அந்த 4 அங்குலம் தானாகவே பேசியது. நாடாவைக் கையில் வாங்கி அவரே மறுமுறை அளந்து பார்த்தார்.

அப்போது அவர் கேட்ட கேள்வி, முஸ்லிம் குடும்பங்களுக்கே உரியது: “பள்ளிக்குள்ள செருப்பு இல்லையே?” உண்மைதான். ஐவேளையும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்பவருக்கு, வாசலைத் தாண்டியதும் உயரம் குறைந்துவிடுகிறது. அத்தாவின் செருப்பு ஓர் அங்குலத் தடிமன் கொண்டது. வெறுங்காலுடன் அளந்தால் 32. ஓர் அங்குல வேறுபாட்டோடு பலர் சமாளித்து நடந்துவிடுவார்கள். எனினும் நாளெல்லாம் அப்படி நடப்பவருக்கு அதுவும் பொருட்டுதான். அத்துடன் வேறொரு தயக்கமும் இருந்தது. தெருவெல்லாம் ஊன்றிய கோலை அப்படியே தொழுகை விரிப்பின் மீது எப்படி ஊன்றுவது? அசுத்தம் ஒட்டியிருக்குமே என்று அஞ்சி, கோலை வாசலிலேயே சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே செல்லும் பெரியவர்களை நாம் எல்லாப் பள்ளிவாசல்களிலும் காண்கிறோம். கீழே விழுவதற்கு மிகவும் ஏதுவான இடம் அந்த வாசலுக்கும் ஸஃபுக்கும் இடைப்பட்ட தூரம்தான்.

ஆகவே இரண்டு கோல்கள் என்று முடிவு செய்தோம். வெளிக்கு ஒன்று, பள்ளிக்குள் ஒன்று.

வெளிக்கோலாக, உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க அலுமினியக் கைத்தடியைத் தேர்ந்தோம். இவ்வகைக் கோலில் துளைகள் வரிசையாக இருக்கும். பொத்தானை அழுத்திக் குழாயை நகர்த்தித் தேவையான துளையில் பொருத்தலாம். பொத்தான் துளைக்கு வெளியே முழுமையாகத் துருத்திக்கொண்டு வந்திருப்பதையும், அதன் மேலுள்ள திருகு வளையம் இறுகியிருப்பதையும் பார்த்தபின்பே அழுத்தி நிற்க வேண்டும். பிடியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும. வளைந்த கொக்கிப் பிடி கையில் மாட்டிக்கொள்ள வசதி. ஆனால் உள்ளங்கையின் சிறு பகுதியிலேயே பாரம் முழுதும் விழும். விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்கு, உள்ளங்கை முழுதும் படியும் அகன்ற பிடி நல்லது. முதியவரையும் கடைக்கு அழைத்துச் சென்று, பத்தடியாவது நடக்கவிட்டு வாங்குவதே முறை. அடியில் நாலு கால் உள்ள கோல் தானாக நிற்கும், கூடுதல் பாரம் தாங்கும்; பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்களுக்கு அது உதவும். ஆனால் நான்கு கால்களும் ஒருசேரத் தரையில் படிய வேண்டும் என்பதால் மேடுபள்ளமான தெருவுக்கு அது ஏற்றதன்று. ஒரு கோலை அழுத்தியும் தள்ளாட்டம் நிற்கவில்லை என்றால், வாக்கர் தேவைப்படுகிறதா என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்வி. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதே விதி. கோலும் வலிக்கும் காலும் ஒருசேர முன்னே செல்ல வேண்டும். நல்ல கால் பின்தொடர வேண்டும். வலது காலில் மட்டும் நிற்கும் கணத்தில் உடல் இடப்பக்கம் சரியப் பார்க்கிறது. அதைத் தடுக்க வலது இடுப்பின் வெளிப்புறத் தசைகள் பலமாக இழுக்கின்றன. அந்த இழுப்பும் மூட்டின்மீது பாரமாகவே ஏறுகிறது. இடக்கையில் கோல் இருந்தால் சரியும் பக்கத்தை அது தாங்கும். தசையின் இழுப்பும் மூட்டின் பாரமும் குறையும். வால்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இதைக் கணக்கிட்டுக் காட்டி, கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்ற பொருள்படும் தலைப்பில் 1956இல் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் எதிர்ப்பக்கக் கையையே பரிந்துரைக்கிறார்கள்.

அத்தாவுக்கு நோவது வலக்கால். எனவே கோல் இடக்கைக்குச் செல்ல வேண்டும். இங்கேதான் அவர் தயங்கினார். நல்லவற்றுக்கெல்லாம் வலக்கையைப் பழகிய மனம் அது. “மூஸா நபி வலது கையிலதானே வெச்சிருந்தாங்க?” என்று கேட்டார். நாங்கள் அதை ஹஜ்ரத்திடமே கொண்டு சென்றோம். செருப்பு அணிவதிலும் தலைவாருவதிலும் தூய்மை செய்வதிலும் வலப்பக்கத்தை முற்படுத்துவது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை அவர் நினைவூட்டினார். அது சிறப்பைக் குறித்த ஒழுக்கம் என்றும், அந்த வசனம் மூஸா (அலை) அவர்களின் கையில் இருந்ததைச் சொல்கிறதே தவிர நோவுற்றவருக்கு இடக்கையைத் தடுக்கவில்லை என்றும் விளக்கினார். “உடம்பு அமானிதம் பாய். எந்தக் கையில புடிச்சா அது காப்பாத்தப்படுமோ, அந்தக் கையில புடிங்க” என்றார். இடக்கைக்குப் பழக அத்தாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் ஆயின. முற்றத்தில் பேரப்பிள்ளைகள், “கம்பும் வலது காலும், அப்புறம் இடது கால்” என்று சொல்லிக்கொண்டே உடன் நடந்தார்கள்.

உள்கோல் எது என்பதை அத்தாவே தீர்மானித்தார். நன்னாவின் கோல்தான். ஆனால் அதை வெட்ட வேண்டும். தம் தந்தையின் கோலில் 5 அங்குலத்தை அறுத்தெறிய ஒரு மகனுக்கு எளிதில் மனம் வருமா? பல நாள் அது சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. பின்னொரு நாள் அவரே அதை எடுத்துக்கொண்டு தச்சரிடம் சென்றார். நாங்கள் உடன் சென்றோம்.

மரக்கோலை எப்போதும் அடிப்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். வெட்டும் முன் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைக் கழற்றி, புதிய புஷ்ஷின் தடிமனையும் கணக்கில் கொண்டு குறியிட வேண்டும். தச்சர் அவ்வாறே பழைய புஷ்ஷைக் கழற்றியபோது, அதற்குள்ளிருந்து மாவாக மரத்தூள் கொட்டியது. கோலின் அடியைப் பூச்சி அரித்திருந்தது. வெளியே பளபளப்பாக இருந்த கோலின் உள்ளே இரண்டு அங்குலத்துக்குப் பொந்து. ரப்பரின் அடிப்புறமோ கோடுகள் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. உளூச் செய்யும் இடத்தில் அது வழுக்கியதில் வியப்பில்லை. அறுத்த 5 அங்குலத் துண்டைத் தச்சர் இரண்டாகப் பிளந்து காட்டினார். அரிப்பு அதற்குள்ளேயே முடிந்திருந்தது. மேலே உள்ள மரம் முழுதும் உறுதி. எண்ணெய் பூசிப் புதுப் புஷ் பொருத்தித் தந்தார்.

அத்தா வெகுநேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்டாம வெச்சிருந்தா முழுசும் போயிருக்கும்” என்று மட்டும் சொன்னார். தந்தையின் கோலுக்குச் செய்யும் மரியாதை அதை நீளம் குறையாமல் காப்பது என்று எண்ணியிருந்தவர் அவர். வெட்டியதால்தான் அது அவருடைய கைக்கு வந்தது.

இந்த இடத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களின் கோல் எங்கள் நினைவுக்கு வந்தது. கோலில் சாய்ந்த நிலையிலேயே அவர்களின் உயிர் பிரிந்தது. பூமியின் சிறு உயிரினம் அக்கோலை அரித்து, உடல் விழுந்த பின்னரே ஜின்கள் அதை அறிந்தனர் என்று சூரா ஸபஃவின் 14ஆம் வசனம் கூறுகிறது. மறைவானவற்றை ஜின்கள் அறியமாட்டா என்பதே அந்த வசனம் தரும் பாடம். அதோடு, ஒரு கோல் எவ்வளவு சிறிய உயிரினத்தால் சத்தமின்றி வலுவிழக்கும் என்பதும் அதில் நமக்குத் தெரிகிறது. மாதம் ஒருமுறை கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ரப்பரில் கோடுகள் தேய்ந்திருந்தால், வெடித்திருந்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அதன் விலை சிறிது. இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவும் வேதனையும் பெரிது.

பள்ளிவாசலில் நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில் மேலே. பிறகு கோலும் வலிக்கும் காலும். இறங்கும்போது கோலும் வலிக்கும் காலும் முதலில் கீழே. பிறகு நல்ல கால். கைப்பிடி இருந்தால் ஒரு கை அதைப் பற்றட்டும். உளூச் செய்யும் இடத்தில் கோலின் நுனி நனைந்தால், துணியால் துடைத்த பின்பே வழவழப்பான தரையில் ஊன்ற வேண்டும். ஈர ரப்பர் எளிதில் வழுக்கும். ஸஃபில் நிற்கும்போது, பிறர் காலில் இடறாதவாறு கோலைத் தமக்கு முன்னால் படுக்கை வசமாக வைத்துக்கொள்ளலாம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கிய சலுகை புகாரியில் உள்ளது. கோலில் சாய்ந்து நிற்பதா, நாற்காலியில் அமர்வதா என்பதை அவரவர் உடல்நிலையைச் சொல்லித் தம் ஊர் ஆலிமிடம் கேட்டறிவது நல்லது.

இதில் ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. எங்கள் பள்ளிவாசலின் வாசலுக்கு உட்புறம் இப்போது ஒரு மரச்சட்டம் இருக்கிறது. நன்னாவின் கோல் அதில்தான் நிற்கிறது. அதைக் கண்டு வேறு சில பெரியவர்களும் தம் உள்கோல்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உரியவரின் அடையாளமாக ஒரு வண்ண நாடா கட்டப்பட்டிருக்கிறது. உளூச் செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத ஓடு, வாசலில் செருப்புக் கழற்ற அமர ஒரு பெஞ்சு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. பளிங்குத் தரைக்கு வசூலிக்கும் நாம், அந்தத் தரையில் முதியவர் எப்படி நடப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

வாங்க வசதியற்றோர்க்கும் வழி உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி முதலியவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனாவை மத்திய அரசு 2017இல் தொடங்கியது. முகாம்களில் மதிப்பிட்டபின் பொருள்கள் வழங்கப்படுகின்றன. அங்கே பெற்றுவரும் கோலையும் வீட்டில் ஒருமுறை மணிக்கட்டுக்கு அளந்து பொருத்திக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் ஓய்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, பாகாயத்தில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். துணைக்கருவி ஒருவரின் வாழ்வைச் சுருக்கிவிடுவதில்லை என்பதற்கு நமக்கு அருகிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது.

இறுதியாக, பிள்ளைகளாகிய நமக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களிடம் சலிப்பின் சிறு ஒலிகூட எழலாகாது என்று சூரா அல்இஸ்ராவின் 23ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கோல் விஷயத்தில் அந்தச் சலிப்பு பல வடிவங்களில் வெளிப்படும். “கம்பை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது” என்பது ஒரு வடிவம். விருந்தினர் முன்னால் கோலைக் கேலி பேசுவது ஒரு வடிவம். அவர்கள் எழுமுன் கோலை எட்டாத இடத்தில் சாய்த்துவைப்பதும் ஒரு வடிவமே. கட்டிலருகே, வலக்கையோ இடக்கையோ அவர்கள் நீட்டும் பக்கத்தில் அது இருக்கட்டும். இரவில் எழுந்து செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அளவையும் மீண்டும் பாருங்கள். முதுமையில் உடல் குறுகும், நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எங்கள் அத்தா இப்போது ஏரிக்கரை ஏறுவதில்லை. அந்த நடையை அல்லாஹ் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டான். அதை நினைத்துச் சில காலைகளில் அவர் மௌனமாக அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். ஆனால் மஃரிபுக்கும் இஷாவுக்கும் அவர் பள்ளிவாசலில் இருக்கிறார். உடல் இடம் கொடுக்கும் நாள்களில் சுப்ஹுக்கும் செல்கிறார். அந்த நடை அவருக்கு மீதம் இருக்கிறது. நம் வீட்டு முதியவர்களுக்கு எஞ்சியிருக்கும் நடையை, அது பத்தடியே ஆனாலும், காத்துக்கொடுப்பது நம் பொறுப்பு.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் சிறு வயதில் எங்களைப் பரிவுடன் வளர்த்தது போல அவர்கள்மீது நீ கருணை பொழிவாயாக. அவர்களின் பாதங்களை உன் இல்லத்தின் வழியில் உறுதிப்படுத்துவாயாக. அவர்கள் சாயும் வேளையில் சலியாமல் தாங்கும் கைகளாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.